நின்றும் குந்தியும் பிரசவம்: பெருவின் கெச்சுவா ஊர்கள் அரசு மருத்துவமனையை மாற்றியது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், ஆயகூச்சோ மலைப்பகுதியில் 1999-ல் தொடங்கிய மகப்பேறு முயற்சியைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பழங்குடி மக்களிடையே வேலை செய்யும் செவிலியர்கள், கிராம சுகாதாரப் பணியாளர்கள், மருத்துவ மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். செய்முறைப் பகுதிகள் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே. வீட்டில் தனியாக முயலக் கூடாது.

ஆயகூச்சோவில் அப்படி என்ன நடந்தது?

உவாந்தா மாகாணத்தின் சாந்தியானா வட்டம், கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமங்கள் நிறைந்த பகுதி. 1999-ல் அங்கே நூற்றில் ஆறு பிரசவங்கள்தான் சுகாதார நிலையத்தில் நடந்தன. மற்றவை எல்லாம் வீட்டில். ஹெல்த் அன்லிமிடெட் என்ற தொண்டு நிறுவனமும் பெருவின் சுகாதார அமைச்சும் சேர்ந்து, "ஏன் வருவதில்லை?" என்று பெண்களிடமும் மருத்துவச்சிகளிடமும் சுகாதாரப் பணியாளர்களிடமும் கேட்டன. கிடைத்த பதில்களை வைத்து, அவர்களையும் உட்காரவைத்தே ஒரு புதிய பிரசவ முறையை வடிவமைத்தார்கள். 2007-ல் அந்த 6 சதவீதம் 83 ஆகியிருந்தது. இந்த முடிவுகள் 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. அதற்கு முன்பே, 2005-ல், நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்கான தேசிய வழிகாட்டு நெறியைப் பெரு அரசு வெளியிட்டுவிட்டது.

சாலை இல்லை, வண்டி இல்லை. அதனால்தானே பெண்கள் வரவில்லை?

தூரம் ஒரு காரணம்தான். ஆனால் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த பெண்களும் வீட்டில்தான் பெற்றார்கள். உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலைக்குளிரில் சூடில்லாத அறை. பாவாடைகளையும் கம்பளிச் சட்டையையும் கழற்றச் சொல்லி, முதுகுப்பக்கம் திறந்த மெல்லிய அங்கியைக் கொடுப்பார்கள். சில்லிட்ட இரும்புக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை அகட்டித் தூக்கி வைப்பார்கள். கணவனையும் மாமியாரையும் வெளியே நிறுத்திவிடுவார்கள். பேசுவதெல்லாம் ஸ்பானிஷ். குழந்தை பிறந்ததும், வீட்டார் புதைக்க வேண்டிய நஞ்சுக்கொடி குப்பைக்குப் போய்விடும்.

ஆண்டிஸ் மக்களின் புரிதலில், பிரசவத்தின்போது உடல் திறந்துகொள்கிறது. திறந்த உடலுக்குள் குளிர் ஏறினால் தாய்க்கு அப்போதோ, சில ஆண்டுகள் கழித்தோ நோய் வரும். அதனால்தான் தலையைத் துணியால் கட்டி, சூடான கஷாயம் கொடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தவைத்து, பின்னாலிருந்து கணவன் தாங்கிப் பிடிக்கிறான். பிரசவம் முடிந்ததும் சும்பி எனப்படும் நெய்த இடுப்புப்பட்டையால் வயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். இந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட மருத்துவமனையில் கிடையாது. "அறியாமையால் வரவில்லை" என்று பல ஆண்டுகளாக எழுதப்பட்டவர்கள், நன்றாக யோசித்துத்தான் வராமல் இருந்தார்கள்.

அரசு மீதே அச்சம் இருந்ததாகச் சொல்கிறார்களே?

இருந்தது, அதற்கு வலுவான காரணங்களும் இருந்தன. 1980 முதல் 2000 வரை நீடித்த உள்நாட்டுப் போரின் மையமே ஆயகூச்சோ. அந்தப் போரில் ஏறத்தாழ 69,000 பேர் இறந்ததாகவோ காணாமல்போனதாகவோ பெருவின் உண்மை அறியும் ஆணையம் மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அதன் பிற்பகுதியிலேயே, 1996 முதல் 2000 வரை, அதிபர் புஜிமோரி ஆட்சியின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2,60,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பலருக்கு உண்மையான சம்மதம் பெறப்படவில்லை. மலைக்கிராமங்களின் ஏழைப் பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வெள்ளை அங்கி போட்டவர் "உள்ளே வா" என்று கூப்பிட்டால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது இதுதான். பழங்குடிப் பகுதியில் வேலை தொடங்குபவர்கள் அந்த ஊருக்கும் அரசு மருத்துவத்துக்கும் இடையிலான பழைய கணக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர்க்கூட்டம் நடத்திக் கையெழுத்து வாங்கினால் அது பங்கேற்பு ஆகாதா?

ஆகாது. ஊர் சொன்னதால் மருத்துவமனையின் எந்த விதி மாறியது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அது அறிவிப்புக் கூட்டம், அவ்வளவுதான்.

சாந்தியானாவில் மாறியவற்றைச் சொல்லலாம். பிரசவம் பார்ப்பவர் கெச்சுவாவில் பேசத் தொடங்கினார். கணவனும் மருத்துவச்சியும் அறைக்குள் வந்தார்கள். கயிறும் தாழ்வான பலகையும் வந்தன. சொந்த உடையில் இருக்கலாம், எந்த நிலையில் பெறுவது என்பதைப் பெண்ணே முடிவு செய்யலாம், நஞ்சுக்கொடியைக் குடும்பம் வாங்கிக்கொண்டு போகலாம். மறுபக்கம், ஊராரும் சிலவற்றுக்கு ஒப்புக்கொண்டார்கள்: கருப்பையை இறுகவைக்கும் ஆக்சிடோசின் ஊசி, கிருமி நீக்கிய கருவியால் தொப்புள்கொடியை வெட்டுதல், சிக்கல் வந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல். இரு தரப்பும் விட்டுக்கொடுத்திருப்பதைக் கவனியுங்கள்.

அறையில் என்னென்ன வேண்டும்?

விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். கைக்குப் பிடிமானமாக, நழுவாத தடித்த கயிறு. உத்தரத்தில் போட்டு இரு முனையும் தொங்கும்படி 4 அல்லது 5 மீட்டர் இருந்தால் போதும். உத்தரம் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு பெண் தன் முழு எடையையும் திடீரென்று அதில் போடுவாள், ஆகவே வளர்ந்த இருவர் தொங்கிப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். ஓட்டுக்கூரையின் மெல்லிய சட்டத்தில் கட்டுவது ஆபத்து. உத்தரம் சரியில்லை என்றால் சுவரில் பதித்த மரக்கட்டை அல்லது இரும்புக் கம்பி போதும்.

தரையில் விரிக்கத் துடைக்கக்கூடிய உறை போட்ட மெத்தை, அதன்மேல் சுத்தமான துணி. துணைக்கு இருப்பவர் உட்காரத் தாழ்வான முக்காலி. பிரசவம் பார்ப்பவருக்கு முழங்கால் மெத்தை ஒன்று. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், பிறகு முழங்கால் வலித்து பழைய கட்டிலுக்கே திரும்புகிறார்கள். தரைமட்டத்துக்கு வெளிச்சம் வரும்படி நகர்த்தக்கூடிய விளக்கும் தேவை, ஏனென்றால் மேலிருந்து விழும் விளக்கொளியை அந்தப் பெண்ணின் உடலே மறைத்துவிடும்.

அறை வெப்பம் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தாயின் நம்பிக்கையும், பிறந்த குழந்தையின் உடற்சூடு பற்றிய மருத்துவ அறிவும் கைகோக்கும் இடம் இது. சன்னல் இடுக்குகளை அடைத்து, ஹீட்டரைப் பிரசவத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். குழந்தைக்கு மூச்சூட்டும் பையும் முகமூடியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது எந்தப் பிரசவ அறைக்கும் பொருந்தும்.

பிரசவம் எப்படி நடக்கிறது?

வலி தொடங்கிய கட்டத்தில் அவள் நடக்கலாம், உட்காரலாம், சூடாகக் குடிக்கலாம். குழந்தையின் இதயத்துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, பார்ட்டோகிராஃபில் (பிரசவம் முன்னேறும் விதத்தைப் பதியும் வரைபடத்தாளில்) குறிக்க வேண்டும். நிமிர்ந்த நிலை என்பதற்காகக் கண்காணிப்பில் எதுவும் குறையக் கூடாது. உள்பரிசோதனையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல், காரணம் இல்லாமல் செய்யாதீர்கள். பெண்கள் மிகவும் கூசுவது அதற்குத்தான்.

முக்கும் கட்டத்தில் அவள் விரும்பும் நிலைக்கு வருகிறாள். குந்துவது, மண்டியிடுவது, கயிற்றைப் பிடித்துத் தொங்குவது, கைகளை ஊன்றி நிற்பது எல்லாம் உண்டு. அதிகம் காண்பது இதுதான்: கணவன் முக்காலியில் உட்கார்ந்து முழங்கால்களை அகட்டிக்கொள்கிறான். அவள் அவனுக்கு முதுகு காட்டி நடுவில் குந்துகிறாள். அவன் இரு கைகளையும் அவள் அக்குளுக்கு அடியில் கொடுத்து மார்புக்கு மேல் கோத்துப் பிடிக்கிறான். வயிற்றை அழுத்தவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பிரசவம் பார்ப்பவர் முன்னால் மண்டியிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டு, தலை வரும்போது ஒரு கையால் பிறப்புவாயின் கீழ்த்தசையைத் தாங்குகிறார், மறு கையால் தலை வேகமாக வெளியேறாமல் கட்டுப்படுத்துகிறார். புவியீர்ப்பும் சேர்ந்து இழுப்பதால் கடைசிக் கணங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். கைகள் தாழ்வாக, தயாராக இருக்கட்டும்.

குழந்தை பிறந்தவுடன் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி, அவளை மெதுவாகப் படுக்கவைக்கிறார்கள்.

நிமிர்ந்து பெற்றால் இரத்தப்போக்கு கூடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மல்லாக்கப் படுத்தால் கருப்பை முதுகோட்டிலுள்ள பெரிய இரத்தக்குழாய்களை அழுத்துகிறது. நிமிர்ந்தால் அந்த அழுத்தம் இல்லை, இடுப்பெலும்பின் வாயும் சற்று விரிகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நிமிர்ந்த நிலையில் ஆயுதம் போடுவதும் பிறப்புவாயை வெட்டுவதும் குறைகின்றன. ஆனால் 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போகும் பெண்களின் எண்ணிக்கை ஓரளவு கூடக்கூடும்.

ஆகவேதான் பெரு நாட்டு முறையில் குழந்தை நிமிர்ந்த நிலையில் பிறந்தாலும், நஞ்சுக்கொடி வெளியேறும் கட்டத்தில் தாய் படுத்திருக்கிறாள். வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்ததும், ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில் போடுங்கள். ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தொப்புள்கொடியைக் கவ்வியிட்டு வெட்டுங்கள். கருப்பையை மேலே தாங்கிக்கொண்டு, கட்டுப்பாட்டுடன் கொடியை இழுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கருப்பை இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றில் சும்பி கட்டும் வழக்கத்தோடு இங்கே ஒரு சிக்கல் வரும்: இறுக்கிக் கட்டிவிட்டால் கருப்பையைத் தொட்டுப் பார்க்க முடியாது. முதல் இரண்டு மணி நேரம் தளர்வாகச் சுற்றி, பிறகு இறுக்கச் சொல்லிப் பேசிவைத்தால் யாரும் மறுப்பதில்லை.

இன்னொரு தவறு இரத்தத்தை அளப்பதில் நடக்கிறது. தரையில் விரித்த துணியில் இரத்தமும் பனிக்குட நீரும் கலந்து ஊறிவிடும். குழந்தை வந்ததும் ஊறிய துணியை மாற்றி, அடியில் தட்டையான பாத்திரம் வையுங்கள். பிறகு வருவதை மட்டும் அளக்கலாம்.

யாருக்கு இந்த முறை கூடாது?

முன்பு வயிற்றைக் கிழித்துப் பிரசவம் ஆனவர்கள், குழந்தை தலைகீழாக இல்லாமல் உட்கார்ந்தோ குறுக்காகவோ இருப்பவர்கள், இரட்டைக் குழந்தை, குறைமாதம், இதயத்துடிப்பில் கோளாறு, தொப்புள்கொடி முன்னால் நழுவியது, கடைசி மாதங்களில் இரத்தப்போக்கு, கடுமையான இரத்த அழுத்தம் அல்லது வலிப்பு. இவர்களுக்கு அறுவை வசதியுள்ள மருத்துவமனைதான் இடம். அங்கேயும் மொழி தெரிந்த ஒருவரும் குடும்பத்தில் ஒருவரும் கூட இருக்கலாம்.

மூலிகைக் கஷாயத்தை அனுமதிக்கலாமா?

வெதுவெதுப்பாகக் குடிக்கும் சாதாரண மூலிகை நீரைத் தடுக்கக் காரணம் இல்லை. வலியைத் தூண்டுவதற்கென்றே கொடுக்கும் செடிகள் வேறு. அவற்றையும் ஆக்சிடோசின் சொட்டையும் ஒன்றாகக் கொடுத்தால் கருப்பை ஓய்வில்லாமல் இறுகி, குழந்தைக்கு மூச்சு முட்டும். எனவே எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவையுங்கள். திட்டினால் ஒளித்துக் கொடுப்பார்கள், அப்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கர்ப்ப காலப் பரிசோதனையின்போதே மருத்துவச்சியோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுவதே நல்லது.

நஞ்சுக்கொடியைக் கொடுப்பது தொற்று ஆபத்து இல்லையா?

முறையாகக் கொடுத்தால் இல்லை. முழுமையாக வந்திருக்கிறதா என்று பரிசோதித்த பிறகு, கசியாத பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் வைத்து, கையுறையோடு கொடுங்கள். ரசாயனம் எதையும் ஊற்ற வேண்டாம். நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்கும் ஊற்றுக்கும் தள்ளிப் புதைக்கச் சொல்லுங்கள். யாரிடம், எப்போது கொடுத்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதி வாங்கியவரின் கையொப்பமோ கைரேகையோ பெறுங்கள். எச்ஐவி அல்லது ஹெப்படைட்டிஸ் இருந்தால் என்ன செய்வது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே தாயிடம் தனியாகப் பேசிவிட வேண்டும். நஞ்சுக்கொடி கிடைக்காத ஒரே குடும்பம் எது என்று ஊர் கவனிக்கும், அதிலிருந்தே நோயின் ரகசியம் வெளியாகிவிடும்.

மருத்துவச்சிக்கு உண்மையில் என்ன இடம்?

இந்த முயற்சிகளில் அதிகம் அநீதி நடந்த இடம் இது என்பது எங்கள் கருத்து. பல ஊர்களில் அவரைக் "கர்ப்பிணியைக் கூட்டிவருபவர்" என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். அவர் வீட்டில் பார்த்த பிரசவங்களுக்குக் கிடைத்து வந்த ஆடும் உருளைக்கிழங்கும் நின்றுபோயின. மருத்துவமனையோ அவருக்கு எதுவும் தரவில்லை. அவர் வந்துபோகும் செலவு, ஒரு நாள் கூலி, இரவு தங்க இடம், உணவு ஆகியவற்றைத் திட்டச் செலவில் சேர்க்காமல் அவரை அழைப்பது சுரண்டல்தான். அறைக்குள் அவருக்குத் தெளிவான வேலை இருக்க வேண்டும்: நிலையைத் தேர்ந்தெடுக்க உதவுவது, தேய்த்துவிடுவது, தைரியம் சொல்வது, பிறகு வீட்டுக்குப் போய் ஆறு வாரம் தாயைப் பார்த்துக்கொள்வது. ஊசி, வெட்டு, தையல் எல்லாம் பயிற்சி பெற்றவரின் பொறுப்பு.

காத்திருப்பு இல்லம் என்பது என்ன?

நெடுந்தூரக் கிராமப் பெண்கள் பிரசவத் தேதிக்கு ஓரிரு வாரம் முன்பே வந்து தங்கும் வீடு. மாமவாசி என்ற பெயரும் உண்டு. மருத்துவமனை வார்டு போலக் கட்டினால் காலியாகவே கிடக்கும். விறகடுப்போடு சமையலறை, கூடவே மற்ற பிள்ளைகளும் கணவனும் தூங்க இடம், கோழி கட்ட ஒரு மூலை இருந்தால்தான் வருவார்கள். அறுவடைக் காலத்தில் அப்போதும் வரமாட்டார்கள். வீட்டில் ஆடுமாடுகளை யார் பார்ப்பது என்று ஊரோடு பேசாமல் இதற்குத் தீர்வு கிடையாது.

பிரசவ எண்ணிக்கை ஏறினால் திட்டம் வெற்றிதானே?

எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பெருவின் சில பகுதிகளில் வீட்டில் பெற்றவர்களிடம் சட்டவிரோதமாக அபராதம் வாங்கியதும், பிறப்புச் சான்றிதழுக்குப் பணம் கேட்டதும் மனித உரிமை அமைப்புகளால் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. அப்படி ஏறும் எண்ணிக்கையில் பயம்தான் தெரியும். நிமிர்ந்து பெற்றவர்கள் எத்தனை பேர், துணையோடு இருந்தவர்கள் எத்தனை பேர், நஞ்சுக்கொடி வாங்கிப்போனவர்கள் எத்தனை பேர், இரண்டாவது குழந்தைக்கும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள்.

எங்கே அதிகம் சறுக்குகிறது?

ஆள்மாற்றத்தில். பெருவில் புதிதாகப் படித்து முடித்த மருத்துவரும் பிரசவ நிபுணரும் ஓராண்டுக் கிராமப்பணிக்கு வருகிறார்கள். பழகி, மொழி பிடிபடும் நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து வருபவர் கல்லூரியில் கற்றது பெரும்பாலும் மல்லாக்கப் படுக்கவைக்கும் முறையைத்தான். கயிறு உத்தரத்தில் தொங்கும், பார்வையாளர் வந்தால் படம் எடுப்பார்கள், பிரசவம் பழைய கட்டிலில் நடக்கும். உள்ளூர் கெச்சுவாப் பெண்களையே நிரந்தரப் பணியாளராக நியமிப்பதும், புதிதாக வருபவருக்கு முதல் வாரமே மருத்துவச்சியைக் கொண்டு பயிற்சி கொடுப்பதும்தான் இதற்கு வழி.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ம் ஒப்பந்தம் (1989), பழங்குடி மக்களுக்கான மருத்துவச் சேவைகளை அவர்களோடு சேர்ந்து திட்டமிட்டு நடத்த வேண்டும் என்கிறது. பெரு அதை 1994-ல் ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2007-ம் ஆண்டு ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

நம் பக்கத்தில் இப்படி எதுவும் உண்டா?

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்துப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து, கிராமங்களில் அவர்கள் சமூகத்தவரையே சுகாதாரப் பணியாளராக நிறுத்தி வளர்ந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் SEARCH என்ற தொண்டு அமைப்பு மருத்துவமனை கட்டும்போது, பிணத்துக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியை உடுத்தியவர்களிடம் எப்படி உயிர் பிழைக்க வருவது என்று கோண்டு பழங்குடி மக்கள் கேட்டார்கள். பெரிய கட்டடத்துக்குப் பதில், உறவினரும் தங்கும்படி குடிசைகளாக அமைத்தார்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவத்துக்குத் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டம் இருக்கிறது. துணை என்றால் பெண் மட்டுமே என்று வைத்திருப்பதைக் குறைந்தது பழங்குடிப் பகுதிகளிலாவது மறுபரிசீலனை செய்யலாம்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்க வேண்டும். முதலில் என்ன செய்வது?

கயிறு வாங்கப் போகாதீர்கள். உங்கள் மலையில் பெண்கள் எப்படிப் பெறுகிறார்கள் என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. கடந்த ஓராண்டில் வீட்டில் பெற்றவர்களைத் தேடிப்போய், அவர்கள் மொழி பேசும் பெண் ஒருவரை வைத்து, என்ன நிலையில் பெற்றீர்கள், யார் இருந்தார்கள், என்ன குடித்தீர்கள், நஞ்சுக்கொடியை என்ன செய்தீர்கள், எங்களிடம் வர எது தடுத்தது என்று கேளுங்கள். அதே கேள்விகளை உங்கள் செவிலியர்களிடமும் கேளுங்கள், அவர்களுக்கும் பயங்கள் உண்டு. பிறகு இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து, உங்கள் பிரசவ அறை விதிகளை ஒவ்வொன்றாக உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு விதிக்கும் மருத்துவக் காரணம் இருந்தால் செவிலியர் சொல்லட்டும். காரணம் சொல்ல முடியாத விதிகளை அங்கேயே அடித்துவிட்டு, மருத்துவ அலுவலர் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஏற்க முடியாத கோரிக்கை இருந்தால் காரணத்தை அன்றே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டு, ஒட்டிய தாளைக் கையில் கொடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்துபோகும் செலவை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.